நாலாவது ஆளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜான் டீக்கன் சார்,

வணக்கம். இங்கிலாந்தின் குயின் ராக் இசைக்குழுவைப் பற்றி யார் சுவாரசியத் தகவல் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் பாடகர் ஃப்ரெடி மெர்குரிதான் வருவார். சான்சிபாரில் பிறந்தவர், மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் என்பார்கள். அடுத்து பிரையன் மே. கணப்படுப்பின் பழைய மரத்தை அறுத்து அப்பாவோடு சேர்ந்து கிடார் செய்தவர், ஆறு பென்ஸ் நாணயத்தால் அதை வாசிப்பவர், 2007இல் விண்வெளித் தூசியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அப்புறம் டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லரின் உச்சஸ்தாயிக் குரல். உங்கள் முறை வருவதற்குள் கேட்பவர் எழுந்து போயிருப்பார். எனக்கென்னவோ, நல்ல சரக்கெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது என்று படுகிறது.

சில பேஸ் கிடார்காரர்கள் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிடார் அது) வந்து போன பிறகு, 1971இல் கடைசியாகச் சேர்ந்தவர் நீங்கள். நால்வரில் இளையவரும் நீங்கள்தான். 1973இல் வந்த முதல் ஆல்பத்தில் உங்கள் பெயரையே திருப்பிப் போட்டு ‘டீக்கன் ஜான்’ ஆக்கிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் ரகளை நடந்திருக்கும். நீங்கள் சொல்லி, அப்புறம்தான் அது நேரானது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆம்ப்ளிஃபையர் கதை. லண்டனில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறியவர், தெருவோரக் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை வீட்டுக்கு எடுத்துவருகிறார். ஏதோ ஒரு ரேடியோவின் குடல். அதைப் புத்தக அலமாரியில் வைக்கிற அளவுள்ள ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியை இணைக்கிறார். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகுகூடக் கிடையாது. வீட்டில் பயிற்சி செய்யப் போதும் என்று செய்தது. பிரையன் தன் கிடாரை அதில் சொருகிப் பார்த்தார், விடவில்லை. 1975இல் வந்த ‘குட் கம்பெனி’ பாட்டில் கிளாரினெட், டிராம்போன் எல்லாம் சேர்ந்து ஒரு பழைய ஜாஸ் குழுவே வாசிப்பதுபோல இருக்குமே, அத்தனையும் கிடார். வழி உங்கள் பெட்டி. இப்போது அதற்கு ‘டீக்கி ஆம்ப்’ என்று பெயரே நிலைத்துவிட்டது.

அதே ஆல்பத்தில்தான் ‘போஹீமியன் ராப்சடி’யும். நடுவில் ஊரே கூடிப் பாடுவதுபோல வரும் பகுதியில் இருப்பது மூன்றே பேரின் குரல். நீங்கள் அதில் பாடவில்லை. ஆனால் உங்கள் மனைவிக்காக ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ எழுதி அதே ஆல்பத்தில் சேர்த்துவிட்டீர்கள். அதற்கு நீங்கள் விரும்பிய வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோவை ஃப்ரெடிக்குப் பிடிக்கவில்லை. சரி, நானே வாசித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். அமைதியான ஆள் என்கிறார்கள், பிடிவாதம் குறைவில்லை.

அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற பிரபலப் பாடல் பட்டியலில் குயின் முதலிடம் பிடித்தது இரண்டே முறை, இரண்டும் 1980இல். ஒன்று ஃப்ரெடியின் பாட்டு. மற்றது நீங்கள் எழுதிய ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’. ரோஜருக்கு அந்தப் பாட்டின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. தனிப்பாட்டாக வெளியிடுங்கள் என்று சொன்னவர் மைக்கேல் ஜாக்சன்! பேஸ், கிடார், பியானோ என்று பெரும்பாலானதை நீங்களே வாசித்திருக்கிறீர்கள். அந்த பேஸ் தாளத்தைக் கேட்டுவிட்டுக் காலைத் தட்டாமல் உட்கார்ந்திருக்கிறவரை நான் பார்த்ததில்லை.

ஃப்ரெடி 1991இல் போன பிறகு உங்களுக்கு மேடை கசந்துவிட்டது. 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் பாட, நீங்கள் கடைசியாக மேடையில் வாசித்தீர்கள். 2001இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்கும் வரவில்லை. மற்றவர்கள் குயின் பெயரில் உலகம் சுற்றுவதை நான் குறை சொல்லமாட்டேன், ரசித்துத்தான் கேட்கிறேன். ஆனால் ‘போதும்’ என்று வைத்துவிட்ட உங்கள் மேல் எனக்கு ஒரு படி கூடுதல் மரியாதை.

ஒரே ஒரு சந்தேகம். 1981இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் பாடகர் டேவிட் போவியோடு ‘அண்டர் பிரெஷர்’ பாட்டைச் செய்தபோது, அந்தப் பிரபலமான பேஸ் வரியை வாசித்துவிட்டு, எல்லோரும் பீட்சா சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் நீங்கள் அதைச் சுத்தமாக மறந்துவிட்டீர்களாம். ரோஜர்தான் நினைவுபடுத்தினாராம். உங்கள் கூட்டாளிகள் சொன்ன கதை இது. நிஜமாகவே மறந்துவிட்டீர்களா, இல்லை பீட்சா அவ்வளவு நன்றாக இருந்ததா?

அன்புடன்,
உங்கள் ரசிகன்