கடலில் போகும்போது ஆஸ்பத்திரி மூடியிருக்கும்

அன்புள்ள தங்கைக்கு,

மருத்துவக் கப்பலில் சேர விண்ணப்பம் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: அலையில் கப்பல் ஆடும்போது எப்படி அறுவை சிகிச்சை செய்கிறீர்கள் அக்கா?

செய்வதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கற்பனையோடுதான் வருகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொண்டு மருத்துவக் கப்பல் ‘குளோபல் மெர்சி’ துறைமுகத்தில் கட்டி நிற்கும்போதுதான் ஆஸ்பத்திரி. கானரித் தீவுகளில் பராமரிப்பு வேலை முடிந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போகிற இந்த நான்கைந்து நாளும் அது வெறும் கப்பல். ஆறு அறுவை அரங்குகளும் பூட்டியிருக்கும். ஏறக்குறைய 200 படுக்கைகளில் ஒன்றில்கூட ஆள் இருக்காது.

ஆனால் சும்மா பூட்டிவிட்டுப் போக முடியாது. சக்கரம் உள்ள பொருள் எல்லாம் கடலில் எதிரி. ஆஸ்பத்திரியில் சக்கரம் இல்லாத பொருள் எது, நீயே சொல். மயக்க மருந்து இயந்திரம், குளுக்கோஸ் தொங்கவிடும் கம்பி, மருந்து வண்டி, நுண்ணோக்கி, கட்டில், மானிட்டர் என்று ஒவ்வொன்றையும் பட்டை போட்டு இறுக்கி, சுவரிலோ தரையிலோ உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். இழுப்பறைகளைத் தாழிட வேண்டும். கண்ணாடிக் குப்பிகளைப் பெட்டிக்குள் துணி அடைத்து வைக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் ஒருவர் வார்டு வார்டாக வந்து நாம் கட்டியதை இழுத்துப் பார்ப்பார். முடிச்சு இளகினால் அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொல்வார். பதினைந்து வருடம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தவர்கூட அவரிடம் வாய் திறக்க மாட்டார்.

இந்த நாட்களில் கப்பலில் மிகக் குறைவாகப் பயன்படும் ஆட்கள் நாம்தான். இயந்திர அறைக்காரர்களும் மாலுமிகளும் முறை போட்டு இரவு பகலாக வேலை செய்வார்கள். நம்மை எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அனுப்புவார்கள். காய்கறி நறுக்கு, தட்டு கழுவு, படிக்கட்டுக் கைப்பிடியைக் கிருமிநாசினி போட்டுத் துடை. உனக்கு இதில் கௌரவக் குறைச்சல் தோன்றுமானால் இப்போதே யோசித்துக்கொள். சம்பளமும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். சம்பளமில்லாமல் பாத்திரம் கழுவுவதா என்று என் மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பாதுகாப்பு ஒத்திகையை மட்டும் விளையாட்டாக நினைக்காதே. ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, உயிர்காப்புச் சட்டையுடன் உனக்கென்று குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் கணக்கு முடியாது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக் முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக ஓடியது. 1916 நவம்பர் 21 அன்று, காயம்பட்டவர்களை ஏற்றிவர ஏஜியன் கடலில் போய்க்கொண்டிருந்தபோது கண்ணிவெடியில் மோதியது. நம்மைப் போலவே அடுத்த பணிக்குப் போகிற வழி. நோயாளி ஒருவரும் இல்லை. வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று பக்கவாட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் சாயச் சாய அந்த ஜன்னல்கள் வழியாகவும் தண்ணீர் புகுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 30 பேர் இறந்தார்கள். வார்டைக் காற்றோட்டமாக வைப்பது நல்ல நர்ஸின் பழக்கம்தான், ஆனால் கடலில் மாலுமி சொல்வதுதான் சட்டம். கதவை மூடு என்றால் ஏன் என்று கேட்காமல் மூடு. காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

வாந்தியைப் பற்றி உன் அம்மா கவலைப்படுகிறாராம். தெற்கே போகும்போது காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வீசும், அதனால் எதிர்க்காற்றில் போவது போல் மோசமில்லை. ஆனாலும் முதல் நாள் சிலர் படுத்தே கிடப்பார்கள். வயிற்றைக் காலியாக விடாதே. உலர்ந்த பிஸ்கட், இஞ்சி. அறைக்குள் அடைந்து கிடக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார். மாத்திரை போடுவதானால் தலை சுற்றுவதற்கு முன்பே போட வேண்டும், சுற்ற ஆரம்பித்த பிறகு பலன் குறைவு. இதெல்லாம் நீ நோயாளிகளுக்குச் சொல்லியிருப்பாய். உனக்கு வரும்போது ஒன்றும் நினைவுக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

மேல்தளத்துக்கு வந்தால் டால்பின்களும் பார்க்கலாம். அந்த நேரத்தில் சமையலறை முறை இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கரை சேர்ந்ததும் நோயாளிகள் வரிசையாக ஏறிவிடுவார்கள் என்றும் நினைக்காதே. பட்டைகளை அவிழ்த்து, எல்லாவற்றையும் கழுவி, கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கிச் சரிபார்த்த பிறகுதான் முதல் ஆள் வருவார். உதட்டுப் பிளவு, பெரிய கட்டிகள், வளைந்த கால்கள், தீக்காயத்தில் ஒட்டிப்போன விரல்கள் என்று வருவார்கள். பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் சொன்னது. நம் வார்டில் குழந்தையின் கட்டிலுக்கு அடியில் மெத்தை விரித்து அதன் தாய் படுத்திருப்பதைப் பார்க்கும்போது அந்த எண்ணுக்கு முகம் வந்துவிடும். ராத்திரி சுற்றுக்குப் போகும்போது கீழே பார்த்து நட, கையை மிதித்துவிடுவாய்.

அறையில் இடம் மிகக் குறைவு, பெட்டியைச் சிறியதாகக் கட்டு. ரப்பர் அடி வைத்த மூடிய செருப்பு இரண்டு ஜோடி எடுத்துக்கொள். அடுக்குக் கட்டிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் விடாதே. மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா