பழைய பேப்பரில் அமுச்சியின் அண்ணன்: கொங்கு மாவட்ட நூலக அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்ட நூலக அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். வரலாறு படித்தவள் அல்ல. உங்கள் நூலகங்களில் மாதாமாதம் எடைக்குப் போகிற பழைய நாளிதழ்களைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அப்புச்சியின் படம் (அம்மாவின் அப்பா எங்களுக்கு அப்புச்சி, அம்மாவின் அம்மா அமுச்சி) ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. கண்ணாடி போனது போகட்டும் என்று பின்னட்டையைக் கழற்றினால், உள்ளே நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று. மீசை வைத்த ஒருவரின் படம். அதன் கீழே, காங்கேயம் பக்கத்து ஊரைப் பூர்வீகமாகக் கொண்டவரும் பீளமேட்டில் பஞ்சாலை மேஸ்திரியாக இருந்தவருமான இன்னார் நேற்று இயற்கை எய்தினார் என்று நான்கு வரி. 'இப்படிக்கு' என்ற சொல்லோடு கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

அம்மாவுக்குப் பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அமுச்சியின் அண்ணன். அடுத்தடுத்த காடு, நடுவில் பொதுக் கிணறு. தண்ணீர் இறைக்கும் முறையில் மாமனுக்கும் மச்சானுக்கும் சண்டை வந்து, அவர் தம் பங்கை அப்படியே போட்டுவிட்டுக் கோயமுத்தூருக்குப் பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது. அமுச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்புச்சி இருந்தவரைக்கும் அந்தத் துண்டை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, அவர் போனபிறகு அவர் படத்துக்குப் பின்னாலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

துண்டில் தேதி இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பாதிப் பத்தியில், பெரியாரின் உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிற செய்தி. பெரியார் மறைந்தது 1973 டிசம்பர் 24. மறுநாள் அடக்கம். ஆக இந்தத் தாள் 25 அல்லது 26 தேதியிட்டது. அமுச்சியின் அண்ணன் அதற்கு முந்தின நாள் போயிருக்கிறார். தேதி இல்லாத துண்டு கையில் கிடைத்தால் முதலில் முதுகைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். சினிமா விளம்பரம், நூல் விலை, தேர்தல் செய்தி என்று ஏதாவது ஒன்று தேதியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தேதி கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த 'இப்படிக்கு'க்குக் கீழே இருந்த பெயர்கள். அதற்கு முழுத் தாள் வேண்டும்.

எந்த ஊர் நூலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தேதியைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்கம்மா, பங்கு கேஸுங்களா?"

இல்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. "அவ்வளவு பழசெல்லாம் எங்கீங்கம்மா இருக்குது? எடைக்குப் போட்டாத்தானுங்க புதுசு வைக்க எடம்" என்றார். இன்னும் இரண்டு ஊர்களில் கேட்டேன், அதே பதில். அதில் ஓர் ஊரில் பங்கு கேஸா என்றும் கேட்டார்கள். நம் பக்கத்தில் செத்துப்போன ஒருவரைப் பற்றிக் கேட்டாலே சொத்துக்குத்தான் என்று ஆகிவிட்டது. குறை சொல்லவில்லை, பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது.

கடைசியில் கிடைத்தது ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில். அவருடைய தாத்தா மஞ்சள் விலை பார்ப்பதற்காக நாளிதழ்களை வருடவாரியாகத் தைத்துக் கட்டி வைத்திருந்தார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. 1973 டிசம்பர் கட்டும் போய்விட்டது. ஆனால் 1974 இருந்தது! இரங்கல் விளம்பரத்தில் இது ஒரு வசதி. தவறவிட்டால் அடுத்த வருடம் அதே தேதிக்கு 'முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி' என்று மறுபடியும் வரும், வசதியுள்ள வீடாக இருந்தால் ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்றும் வரும். 1974 டிசம்பர் 25-ம் தேதித் தாளில் அதே மீசை, அதே படம். கீழே மகன்கள் இருவர் பெயர். 'மகள்கள்: உடுமலைப்பேட்டை, சத்தியமங்கலம்' என்று ஒரு வரி.

மகள்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான். படித்தபோது கோபம் வந்தது. ஆனால் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஊர்தான். மகன்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. உடுமலையில் கட்டிக்கொடுத்த மகள் எண்பது வயதில் அங்கேயே இருக்கிறார். அம்மாவும் அவரும் போன மாதம் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

இறப்புப் பதிவு இருக்கிறதே, பேப்பர் எதற்கு என்று கேட்பீர்கள். நாடு முழுவதுக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-ல். சான்றிதழில் பெயர், தேதி, இடம், தகப்பன் அல்லது துணையின் பெயர், முகவரி இவ்வளவும் இருக்கும். எத்தனை பிள்ளைகள், பெண்ணை எங்கே கொடுத்தார்கள், பூர்வீகம் எது என்பதெல்லாம் அதில் வராது. இதையெல்லாம் வாயால் சொல்லக்கூடிய கிராம அதிகாரிகளான மணியக்காரரும் கர்ணமும் 1980-ல் பதவி ஒழிந்து போனார்கள். அந்தப் பதவியை ஒழித்தது சரிதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் நான்கு தலைமுறை உறவுமுறையை மனப்பாடமாக வைத்திருந்த ஆட்களும் அவர்களோடு போனார்கள். முன்பெல்லாம் ஊர் ஊராக ஆள் போய் எழவு சொல்லும். பின்னால் அந்த வேலையைப் பேப்பர் விளம்பரம் எடுத்துக்கொண்டது. எழவு சொல்லப் போனவர் எந்தெந்த ஊருக்குப் போனாரோ அந்த ஊர்கள் எல்லாம் விளம்பரத்தின் அடியில் இருக்கின்றன.

படிக்கத் தெரிந்தால் ஒவ்வொரு சொல்லும் பேசும். சிவலோகப் பதவி அடைந்தவரும் வைகுண்டப் பதவி அடைந்தவரும் ஒரே கோயில் வாசலில் நின்றவர்கள் இல்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார் என்பவை வெளிப்படை. இயற்கை எய்தினார் என்று போட்டிருந்தால் அந்த வீட்டில் ஒருவராவது திராவிட இயக்கத்தில் இருந்திருக்கலாம். எங்கள் மேஸ்திரிக்கு அப்படித்தான், மில் சங்கத்து ஆள் என்று உடுமலையில் சொன்னார்கள். வருடத்தை விஜய என்று மட்டும் போட்டிருந்தால் அது 1953 சித்திரையிலிருந்து 1954 பங்குனி வரைக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால் தாளின் வயதையும் பார்க்க வேண்டும். தலைப்பெழுத்தில் ஊர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே ஊரில் நான்கு பழனிசாமிகள் இருப்பார்கள். எந்தப் பழனிசாமி என்று பிரித்துக் காட்டுவது அந்தத் தோட்டத்துப் பெயர்தான். பட்டியலில் ஒரு மகன் பெயர் விடுபட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சுப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள், பெரும்பாலும் அது கோபம்.

நம்பக்கூடாததும் உண்டு. வயதை முழுசாக்கிப் போடுவார்கள். எழுபத்து மூன்று எண்பது ஆகிவிடும். 'இன்று' என்பது விளம்பரம் எழுதிக் கொடுத்த நாளா, அச்சான நாளா என்று பார்க்க வேண்டும்.

இரங்கல் விளம்பரப் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்தால் போதும் என்று இந்த மடலை முதலில் எழுதியபோது கேட்டிருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். விளம்பரம் கொடுக்கப் பணம் வேண்டும். எங்கள் ஊர் வளவுக்குள் ஒரு இருபது வீட்டுக்காவது அப்படி ஒரு விளம்பரம் வந்திருக்கலாம். அந்த வளவில் பண்ணையம் பார்த்த சேரிக் குடும்பங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. அவர்கள் பெயர் அச்சேறியதெல்லாம் கிணறு வெட்டும்போது மண் சரிந்தது, லாரி கவிழ்ந்தது, வேலைநிறுத்தத்தில் அடிபட்டது என்று உள்ளூர்ச் செய்தியில்தான். 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வரும் செய்தியாக வந்தவர்கள்தானே. ஆகவே கேட்பது உள்ளூர்ப் பக்கம் முழுவதையும்.

உள்ளூர்ப் பக்கம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிடும் நூல்களைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு ஒப்படைக்கச் சொல்லும் 1954-ம் வருடச் சட்டத்தில் 1956-ல் நாளிதழ்களும் சேர்க்கப்பட்டன. அதனால்தான் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு நாளிதழ் போகிறது. நல்ல சட்டம். ஆனால் அங்கே போவது சென்னைப் பதிப்பாக இருந்தால் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் சாவு அதில் இருக்காது. கோபி சாவு கோவைப் பதிப்பிலோ ஈரோட்டுப் பதிப்பிலோதான் வரும். அதை வாங்கிப் போடுகிற பொது இடம் உங்கள் நூலகம். கோவை அவிநாசி சாலையில் நவ இந்தியா என்று கண்டக்டர் இறக்கிவிடுகிறாரே, அது ஒரு பழைய நாளிதழின் பெயர். அந்த நிறுத்தத்தில் தினமும் இறங்குகிற என் தங்கை மகளுக்கு அது தெரியாது. கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்ய அரசு தொடங்கிய ஆலையும் கரூர்ப் பக்கம் புகளூரில்தான் இருக்கிறது, 1979-ல் தொடங்கியது. காகிதத்துக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை!

எந்த மாவட்டம் வைப்பது என்று உங்களுக்குள் தள்ளிவிடவும் வேண்டாம். எங்கள் காங்கேயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை கோவை மாவட்டம், அப்புறம் பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர். அமுச்சி வீடு ஓரடி நகரவில்லை. அவள் ஊர்க்காரர்களின் சாவை இரண்டு மூன்று ஊர் நூலகங்களில் தேட வேண்டியிருக்கிறது.

கட்டடம் கட்டச் சொல்லவில்லை. எடைக்குப் போடுவதற்கு முன் உள்ளூர்ப் பக்கங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். எங்களைப் போன்றவர்கள் வந்து செல்போனில் படம் எடுக்க ஒரு மேசையும் வெளிச்சமும் கொடுங்கள். மண்டிக்காரர், பஸ் கம்பெனிக்காரர், நூல் கமிஷன் கடைக்காரர் என்று பரணில் பழைய கட்டுகள் வைத்திருப்பவர்களிடம் நூலகத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். உங்கள் லெட்டர்பேடில் கேட்டால் கொடுப்பார்கள், நான் கேட்டால் பங்கு கேஸா என்பார்கள். சொத்து வரியோடு நாங்கள் கட்டுகிற நூலக வரி 1948-ம் வருடச் சட்டத்திலிருந்து வருவது. அதில் இதற்கும் கொஞ்சம் செலவழிக்கலாம்.

கம்ப்யூட்டரே படித்து அட்டவணை போட்டுவிடும் என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதீர்கள். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சான தாள்களில் ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. ஈரோட்டில் பிறந்த குடி அரசு போன்ற பெரியாரின் இதழ்கள் 1935-லிருந்தே மாறிவிட்டன, மற்றவை பெரும்பாலும் மாறவில்லை. மங்கிய தாளில் அந்த எழுத்தைக் கருவி தடுமாறித்தான் படிக்கும். அதோடு ஓர் ஊரைக் கோயமுத்தூர், கோயம்புத்தூர், கோவை என்று மூன்று விதமாக எழுதுகிற ஆட்கள் நாம். மனிதர் உட்கார்ந்து எக்செலில் ஏற்றினால்தான் சரியாக வரும். இறந்தவர் பெயர், ஊர், பூர்வீகம், பெண் கொடுத்த ஊர்கள், தாளின் பெயர், தேதி. ஆறு பத்தி போதும். ஒரு வருடத்துக் கட்டுக்கு எத்தனை ஞாயிறு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பயப்படுகிற அளவுக்கு இல்லை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் நீங்கள் வைக்க வேண்டும். கடந்த ஐம்பது வருடத்து விளம்பரங்களில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கிடக்கிறது. அதை வெளியில் போட வேண்டாம், நூலகத்துக்குள் வந்து பார்க்கட்டும். அதற்கு முந்தையதைத் தாராளமாகத் திறந்துவிடலாம்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. மாதம் இரண்டு ஞாயிறு எந்த ஊர் நூலகம் கூப்பிட்டாலும் சொந்தச் செலவில் பஸ் ஏறி வருகிறேன். உடுமலையில் இருக்கிற அந்த மகளின் பேத்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், பங்கு கேஸ் எதுவும் இல்லை. அந்தக் கிணறு தூர்ந்துபோய் இருபது வருடமாகிறது.

இப்படிக்கு,
அமுச்சியின் பேத்தி,
காங்கேயம் பூர்வீகம், இப்போது திருப்பூர்