திருடனுக்குக் கத்தாத சைரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கார் திருட்டைத் தடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத சாதனம்), ஸ்டியரிங் பூட்டு, ஜி.பி.எஸ். என்று எல்லாம் விளக்கமாக இருந்தது. காரையே ஓட்டிக்கொண்டு போகிற திருடனுக்கு அதெல்லாம் சரி. கண்ணாடியை உடைத்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு வாய்த்தவன் அந்த இரண்டாவது ரகம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ரிமோட்டில் பூட்டி, விளக்கு இரண்டு முறை மின்னியதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பந்தி முடிந்து வெற்றிலையோடு வந்தால், பின்பக்கக் கண்ணாடி அரிசி அரிசியாகச் சீட்டில் கிடக்கிறது. லேப்டாப் பையைக் காணோம். பதற்றத்தில் சாவியை எடுக்கத் தோன்றவில்லை. உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு உள்பக்கக் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தேன். அப்போது கத்தியது பாருங்கள் சைரன், மண்டபமே திரும்பிப் பார்த்தது. வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்து, "யாருய்யா நீ?" என்று என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

திருடனுக்குக் கத்தாத சைரன் எனக்கு மட்டும் ஏன் கத்தியது? கார் வாங்கிய இடத்தில் கேட்டேன். "அலாரம் நல்லாத்தான் சார் வேலை செய்யுது" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பிதான் புரியும்படி சொன்னார். "அண்ணா, அது கதவு தொறந்தாத்தான் கத்துமுங்க. கண்ணாடிக்கு அது பொறுப்பில்லைங்க."

விஷயம் அவ்வளவுதான். நம் சாலையில் ஓடும் நடுத்தர விலைக் கார்கள் பலவற்றில், கம்பெனி அலாரம் என்பது கதவு, டிக்கி, பானெட் இவற்றில் இருக்கும் சுவிட்சுகளை மட்டும் கவனிக்கிற ஏற்பாடு. கதவைத் திறக்காமல் கையை விட்டுப் பையை உருவினால் அதற்கு ஒன்றுமே தெரியாது. அந்தக் குறையைச் சரிசெய்ய, காரின் உள்ளே அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்றை அந்தத் தம்பியைக் கொண்டே பொருத்திக்கொண்டேன். அந்த அனுபவம் உங்கள் வாசகர்களுக்குப் பயன்படலாம்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ஷாக் சென்சாரைத்தான். அது அதிர்வைக் கேட்கும், அசைவைப் பார்க்காது. பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு சின்ன அடியில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். காரின் உடம்பு பெரிதாக அதிராது. அதற்கும் கேட்கட்டும் என்று உணர்திறனுக்கான திருகை (ஸ்க்ரூவை) ஏற்றி வைத்தால், லாரி போனாலும் கத்தும். தீபாவளியன்று தெருவில் ஒருவர் அணுகுண்டு வைக்க, நான்கு கார்கள் சேர்ந்து ஒப்பாரி வைப்பதை எல்லோரும் கேட்டிருப்போம்.

வீட்டு வராந்தாவில் ஆள் வந்தால் விளக்கு எரியுமே, அந்த பி.ஐ.ஆர். சென்சாரைக் காரில் வைக்கலாமே என்று என் மைத்துனர் யோசனை சொன்னார். அது சுற்றியுள்ள சூட்டுக்கும் மனித உடம்பின் சூட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும், உடம்பு 37. நாளின் ஏதோ ஒரு நேரத்தில் உள்ளே இருக்கும் சூடும் கையின் சூடும் ஒன்றாகிவிடும், அந்த நேரம் அதற்குக் கண் தெரியாது.

அப்புறம் அல்ட்ராசோனிக். காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதில் மாற்றம் இருந்தால் குரல் கொடுக்கும். ஐரோப்பாவில் விற்கும் பல கார்களில் இது கம்பெனியிலேயே வருகிறது. நாயை உள்ளே விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் அதை அணைத்து வைக்கத் தனி பட்டன் கூட உண்டு. அந்தக் குளிர் நாட்டுக்கு அது பொருந்தும். நாமோ வெயிலுக்குப் பயந்து கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி விட்டு நிறுத்துகிற ஆட்கள். அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் அதையும் அசைவு என்றே எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் நான் வாங்கியது மைக்ரோவேவ் சென்சார், கடைக்காரர்கள் ரேடார் சென்சார் என்பார்கள். இது ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பும், காற்றோ வெயிலோ அதைப் பாதிக்காது. மனித உடம்பில் தண்ணீர் அதிகம், அதனால் கை உள்ளே வந்தால் அலை நன்றாகத் திரும்பும். தகரத்தைத் தாண்டாது. ஆனால் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் தாண்டிவிடும், சிக்கலே அங்கேதான். தெருவில் நடந்து போகிறவரும் அதன் கண்ணில் படுவார். இதற்காகவே இரட்டை நிலை உள்ள சென்சாராகக் கேட்டு வாங்க வேண்டும். ஆள் பக்கத்தில் வந்தால் 'கீக் கீக்' என்று ஒரு சின்ன எச்சரிக்கை, உள்ளே கை வந்தால் முழு சைரன். இரண்டுக்கும் தனித்தனித் திருகு இருக்கும்.

எலக்ட்ரீஷியன் அதை ஹேண்ட்பிரேக்குக்குப் பக்கத்தில், நடு கன்சோலின் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒளித்து வைத்தார். வெளியில் தெரிவது டேஷ்போர்டில் மின்னும் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும். கம்பெனி அலாரத்தின் வயரைத் தொட விடவில்லை. சென்சாரின் சிக்னலைக் கதவு சுவிட்சின் வயரோடு சேர்த்து, கதவு திறந்துவிட்டதாகக் காரை நம்ப வைக்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. அதில், நீங்கள் ஓட்டும்போது சென்சார் தானாக அணைந்திருக்க ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடாவிட்டால், கையை அசைத்த போதெல்லாம் உள்விளக்கு எரியும். இப்போதைய கார்களில் வயரை வெட்டினால் வாரண்டியும் போகலாம். அதனால் தனியாக ஒரு சின்ன அலாரம், தனி சைரன், தனி ஃபியூஸ் என்று போட்டுக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் பட்ட பாடு சொல்லி மாளாது. பால்காரர் சைக்கிள், பேப்பர் போடும் பையன், பானெட் மேல் தூங்க வந்த பூனை என்று எல்லோருக்கும் கத்தியது. மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நின்று, "ஏங்கண்ணு, உன்ற காரு ராவெல்லாம் அழுவுதே, பசிக்குதோ என்னமோ பாரு" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. சும்மா சும்மா கத்துகிற காரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அது திருடனுக்கும் தெரியும்.

அன்று மாலை ஒரு மணி நேரம் செலவழித்துச் சரிசெய்தோம். ஒரு கண்ணாடியை முழுதாக இறக்கி விட்டு, காரைப் பூட்டி, அலாரம் விழித்துக்கொள்ள அரை நிமிடம் விட்டோம். பிறகு எலக்ட்ரீஷியன் தம்பி கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே இருக்க, முழு சைரன் அடிக்காத அளவுக்கு உணர்திறனைக் குறைத்தோம். அடுத்து கையை முழங்கை வரை உள்ளே விட்டால் அடிக்கிறதா என்று நான்கு கதவிலும் பார்த்தோம். பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும், பை அங்கேதான் இருக்கும். முன்கண்ணாடியில் தொங்கிய சென்ட் பாட்டிலை மட்டும் கழற்றிவிட்டேன், கதவைச் சாத்தியதும் அது ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பாட்டியிடமிருந்து புகார் இல்லை.

பேட்டரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் சென்சார் 15 மில்லி ஆம்பியர் இழுப்பதாக மீட்டர் காட்டியது. ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர் ஹவர். தினமும் ஓட்டுகிறவருக்கு இது ஒன்றுமில்லை. ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் கிட்டத்தட்ட 11 ஆகிவிடும். சின்னக் கார்களில் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான், காரின் சொந்தச் செலவு வேறு. அப்போது ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.

காப்பீட்டை நம்பி இருக்கலாமே என்பவர்களுக்கு: தனியாக ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) எடுக்காவிட்டால், உள்ளே இருந்த லேப்டாப்புக்குச் சாதாரணக் கார் பாலிசி பைசா தராது. கண்ணாடிக்கு, நம் காரின் சேதத்தையும் ஏற்கிற பாலிசியாக இருந்தால் தரும். ஆனால் கிளெய்ம் போட்டால், கிளெய்மே போடாமல் ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீதப் பிரீமியத் தள்ளுபடி போய்விடும் என்பதால் கைக்காசைப் போட்டே மாற்றினேன். ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனம் பொருத்தினால் பிரீமியத்தில் சலுகை உண்டு என்பது உண்மை. எவ்வளவு தெரியுமா? நெடுங்காலமாக இருந்த கட்டண விதிப்படி, நம் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதுவும் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது. அந்த மண்டபத்து மொய்யே அதற்கு மேல்.

பை கண்ணில் படாவிட்டால் இதெல்லாம் தேவையே இல்லை என்று என் மனைவி சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான். இப்போது பையை டிக்கியில்தான் வைக்கிறேன், அதையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே உள்ளே வைத்துவிடுகிறேன். போய் இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இடம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுக் கார் வந்தால் மைலேஜ், திரையின் அகலம், சன்ரூஃப் என்று பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதுகிறீர்கள். அலாரம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று கம்பெனி விளம்பரத்திலும் இருப்பதில்லை, உங்கள் மதிப்பீட்டிலும் இருப்பதில்லை. அடுத்த முறை உங்கள் நிருபரைப் பின் கண்ணாடியை இறக்கி விட்டுக் காரைப் பூட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து உள்ளே கையை விட்டுச் சீட்டில் இருக்கும் பையை எடுத்துப் பார்க்கட்டும். சைரன் கத்தியதா இல்லையா என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பெருந்துறை