திட்டிவாசல் திறந்த செய்தி

அன்புள்ள மல்லிகா,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ரேவதி அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். மற்றதை நேரில் பேசுவோம். இப்போது எழுத உட்கார்ந்தது எங்கள் மருத்துவமனைக்கு வருபவர்களின் வழியைப் பற்றி.

ஐப்பசி மழையில் ஒரு நாள், காலை பத்தரை மணி. மருத்துவமனை வாசலில் 108 ஆம்புலன்ஸ் நின்று அலறுகிறது. உள்ளே வர வழியில்லை. பார்க்கிங்கில் இடம் காலியாகட்டும் என்று ஏழெட்டுக் கார்கள் முன்னால் காத்து நிற்கின்றன. காவலாளிகள் ஒவ்வொரு காராக ஒதுக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஸ்ட்ரெச்சரை நடுச்சாலையிலிருந்தே தள்ளிக்கொண்டு ஓடினோம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுவாரம் கூட்டம் போட்டார்கள். என்ன தீர்வு தெரியுமா? புறநோயாளிகள் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் இரண்டு வேப்ப மரங்களையும் வெட்டிவிட்டு அடுக்குமாடிப் பார்க்கிங்! நோயாளிகளோடு வருபவர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க அந்த நிழலை விட்டால் நாதியில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்கே வருகிறவர்கள் எதில் வருகிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா?" என்று எழுந்து கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானே கேட்டுவிட்டேன். ஆறு நாள், பணிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, டோக்கன் வரிசையில் நோட்டும் கையுமாக நின்றேன். பஸ், ஷேர் ஆட்டோ, மின்சார ரயில் என்றே பக்கங்கள் நிரம்பின. பெண்களில் பெரும்பாலோர் கட்டணமில்லாத பஸ்ஸில் வருகிறார்கள். 2021-ல் அந்தத் திட்டம் வந்த பிறகுதான் மாதம் தவறாமல் மருந்து வாங்க வர முடிகிறது என்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்படியானால் கார்கள் யாருடையவை? காவலாளியோடு சுற்றி வந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நம்மைப் போன்ற ஊழியர்களுடையவை, மல்லிகா! நோயாளியின் கார் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடும். ஏழு மணிக்கு வந்து நிற்கும் ஊழியரின் கார் மாலைவரை அசையாது. அந்த ஓரிடத்தில் நாலு நோயாளிகள் வந்து போயிருக்கலாம்.

(நீ புதிதாகக் கார் வாங்கியிருக்கிறாய். இதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.)

அவர்களையும் திட்ட மனம் வரவில்லை. எங்கள் வார்டு கல்பனா என்ன சொன்னாள் தெரியுமா? இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிறுத்தத்துக்குப் போனால் பஸ் போய்விட்டிருக்குமாம். விளக்கெரியாத அந்த இடத்தில் தனியாக நின்று நின்று அலுத்துத்தான் தவணையில் பழைய கார் வாங்கினாளாம். அவளிடம் போய்ப் பஸ்ஸில் வா என்று எந்த வாயால் சொல்வது? முதலில் பஸ் வேண்டும், விளக்கு வேண்டும்.

நாம் சென்னை ஜி.எச்.சில், அந்த அரசுப் பொது மருத்துவமனையில், படித்த நாட்களை நினைத்துக்கொண்டேன். 1664-ல் கோட்டைக்குள் தொடங்கிய மருத்துவமனை. இன்று எவ்வளவு கூட்டம்! ஆனால் அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வருபவர் சென்ட்ரலில் இறங்குகிறார், தாம்பரத்திலிருந்து வருபவர் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறார், நடந்தே உள்ளே போய்விடுகிறார். இப்போது மெட்ரோவும் வந்துவிட்டது. ரயில் வாசலுக்கே வந்தால் கார் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருக்கிற பஸ் நிறுத்தத்துக்காவது ஒழுங்கான வழி வேண்டாமா?

அந்த வழியைத்தான் ஒரு நாள் நடந்து பார்த்தேன். சர்க்கரைப் புண்ணுக்குக் காலில் கட்டுப் போட்டு நான் அனுப்பிவைத்த பெரியவர் ஒருவரோடு. மதிலைச் சுற்றித்தான் போக வேண்டும். நடைபாதையில் மின்பெட்டி, பைக்குகள், இளநீர்க் குவியல். அவர் சாலையில் இறங்கினார், தேங்கிய தண்ணீரில் கால் வைத்தார். நான் சுற்றிய வெள்ளைக் கட்டு என் கண் முன்னாலேயே சேற்றில் ஊறியது. "பரவாயில்லை சிஸ்டர், எப்பவும் இப்படித்தான்" என்றார். ஒவ்வொரு வாரமும் அவர் புண் ஏன் ஆறவில்லை என்று அவரையே கடிந்துகொண்டிருந்தேன், மல்லிகா.

அன்றே மனு எழுதினேன். அப்பாயிண்ட்மென்ட் சீட்டின் பின்னால் பார்க்கிங் கட்டணம் அச்சிட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் பஸ் எண்களைப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரங்களில் ரயில் நிலையத்துக்கு ஒரு வேன் விடுங்கள். டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் வருபவர்கள் காரில் வராமல் முடியாது, வாசலருகே அவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். ஊழியர்களின் கார் கடைசிக் கோடியில் நிற்கட்டும். இதைப் படித்த அலுவலர் ஒருவர், "மரியாதைப்பட்டவர்கள் காரில்தானே வருவார்கள்" என்றார். சேற்றில் ஊறிய அந்தக் காலின் மரியாதையைப் பற்றி அவரிடம் கால் மணி நேரம் பேசினேன். குரல் உயர்ந்துவிட்டது. வருத்தப்படவில்லை.

வேன் பற்றி யோசிக்கிறார்களாம். மரங்கள் தை மாதக் கூட்டம்வரை தப்பித்தன. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு நேரே மதிலில் ஒரு திட்டிவாசல், ஆள் மட்டும் நுழையும் சின்னக் கதவு, உண்டு. வண்டி நுழையாது என்று பல வருடங்களாகப் பூட்டியே கிடந்தது. திங்கட்கிழமை காலை பூட்டை அறுத்துத் திறந்துவிட்டார்கள். நிறுத்தத்தில் இறங்கினால் இருபது எட்டில் உள்ளே! பெரியவர் புதன்கிழமை வந்தார். கட்டு நனையாமல் இருந்தது.

மார்கழியில் பரிசோதனைக்கு வருவதாக எழுதியிருந்தாயே, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலைப் பிடி. நிலையத்துக்கு நான் வருகிறேன், அங்கிருந்து இருவரும் பஸ்ஸில் போகலாம். உன் மருத்துவமனையில் செவிலியர்களுக்கு வேன் விடுகிறார்களா, செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை மட்டும் உடனே விசாரித்து எழுது. தைக் கூட்டத்துக்கு எனக்கு அது வேண்டும்.

உன்,
சாந்தி