பெயர் வேண்டாம் என்ற அறிவியல் டீச்சருக்கு நன்றி

மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டு, சனிக்கிழமைதோறும் எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு வந்து உதவிய டீச்சருக்கு மனமார்ந்த நன்றி.

ஒளிச்சேர்க்கைச் சோதனையில், இலையில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) உள்ள இடம் மட்டும் அயோடின் விட்டதும் கருநீலமாக வேண்டும்; ஆனால் வெளிச்சம் படாதபடி கறுப்புத் தாள் ஒட்டிய பகுதியும் கருநீலமாகிக்கொண்டே இருந்தது. செடியை முதலில் 48 மணி நேரம் இருட்டில் வைத்து, இலையில் தங்கிய பழைய ஸ்டார்ச்சைத் தீரவிட வேண்டும் என்று காட்டியவர் இவர். இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பிறகு ஸ்பிரிட்டில் பச்சை முழுவதும் போகும்வரை வைக்க வேண்டும். ஸ்பிரிட் குழாயை வெந்நீரில்தான் நிறுத்த வேண்டும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மொறுமொறுப்பான இலையை வெந்நீரில் நனைத்தால் இளகும். அதன் பிறகே அயோடின்.

நீங்கள் கொடுத்த அயோடின் பாட்டில் வெளிச்சம் படாத அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, டீச்சர்.