விடுபட்ட சிறுவர் நூல்: வெள்ளிக்குள் பரிந்துரை தேவை

பெற்றோர்களுக்கு வணக்கம். வந்த காலத்தில் விருதுகளின் கண்ணில் படாமல் விடுபட்ட சிறுவர் நூலை வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நூலக அறையில் தேர்ந்தெடுக்கிறோம். விதி, அமெரிக்கச் சிறுவர் இலக்கியச் சங்கத்தின் ஃபீனிக்ஸ் விருதுடையது: நூல் வெளிவந்து 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், வந்த காலத்தில் பெரிய விருது வாங்கியிருக்கக் கூடாது. 1985-இல் முதல் விருது 1965-இல் வந்த நாவலுக்குப் போனது. அங்கே சரியாக 20. நமக்கு அதற்கு மேலும் சரி.

1. வீட்டுக்கு ஒரு நூல், தமிழோ ஆங்கிலமோ.

2. பதிப்பு விவரப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். மறுபதிப்பு ஆண்டை முதற்பதிப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான குழப்பம். மொழிபெயர்ப்பு என்றால் மூலநூலின் ஆண்டு.

3. ஆசிரியர் வேறு நூலுக்கு விருது வாங்கியிருந்தால் பரவாயில்லை.

4. நடுவிலிருந்து 2 பக்கம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அதை எல்லோரும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். பிள்ளை “அப்புறம்?” என்று கேட்டதா என்று மட்டும் குறியுங்கள். “சின்ன வயசுல படிச்சது” காரணமாகாது.

5. அச்சில் இல்லாத நூலும் வரலாம். கன்னிமாரா நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

வெள்ளி இரவு 9 மணிக்குள் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் இங்கேயே பதியுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.