தைப்பூச விடுமுறை: பினாங்கு போறோம்!

வணக்கம் மக்களே. கேஎல் சென்ட்ரல்ல இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் டிக்கெட் எல்லாருக்கும் எடுத்தாச்சு. அதுக்கப்புறம் பாலம் வேண்டாம், ஃபெரிதான். ஜார்ஜ்டவுனைக் கடல்ல இருந்து பார்க்கிறதே தனி அழகு.

பூசத்துக்கு முதல் நாள் விடியக்காலையில வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்ல இருந்து கிளம்பும். 2017-லிருந்து தங்க ரதமும் வருது, அது குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல இருந்து. வழி நெடுக தேங்காய் மலை மலையா குவிச்சிருப்பாங்க. சீனர்களும் நம்மாளுங்களும் போட்டி போட்டு உடைப்பாங்க, ஓடு சில்லு சில்லா காலடிக்குத் தெறிக்கும், ரோடே தேங்காய்த் தண்ணியில வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுட்டு வாங்க, ஜப்பான் சிலிப்பர் வேண்டாம்.

தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. முட்டி வலிக்காரங்க கீழே செட்டியார் கோயில்லயே இருக்கலாம், யாரும் கிண்டல் பண்ணக்கூடாது (கடைசி பெஞ்சு, உங்களைத்தான்). தண்ணீர்ப் பந்தல்ல சாப்பாடு தாராளமா கிடைக்கும், சைவம். நாசி கண்டாரை (கறி, மீன் குழம்பு ஊத்துற சோறு) விரதம் முடிஞ்சு வச்சுக்கலாம்.

பூசத்துக்கு மறுநாள் கொடிமலை, அதான் பினாங்கு ஹில். 1923-ல ஓட ஆரம்பிச்ச மலை ரயில், கூட்டம் சேருமுன்னே காலையிலயே ஏறிடணும்.

ரூம் பங்குப் பணம் வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க. வராதவங்க இன்னைக்கே சொல்லுங்க, காத்திருப்புல ரெண்டு பேர் இருக்காங்க.